பெரிய டர்போ விற்பவர்கள் அதன் அளவை ரசீதில் எழுதித் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள லாரிப் பட்டறைகளில், இழுவை குறைந்துவிட்டது என்று வரும் எந்த வண்டிக்கும் இப்போது முதலில் சொல்லப்படும் யோசனை "பெரிய டர்போ போட்டுவிடலாம்" என்பதாக இருக்கிறது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் கல் ஏற்றும் டாரஸ் வண்டிகள், ஜல்லியும் எம்.சாண்டும் அடிக்கும் டிப்பர்கள், பருவத்தில் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் கொண்டுவரும் பழைய லாரிகள் என எல்லாவற்றுக்கும் இதே யோசனைதான். எந்த டர்போவைவிட இது பெரியது, எந்த அளவில் பெரியது, எவ்வளவு பெரியது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் மிகக் குறைவு. எஞ்சினுக்கு டீசல் தரும் பம்புகளைப் பழுதுபார்க்கும் பட்டறைத் தொழிலில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், இவ்வட்டார லாரி உரிமையாளர்களின் பணம் எதில் வீணாகிறது என்பதையும், அதைத் தடுக்க விற்பனையாளர்கள் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்றையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

டீசல் எஞ்சினில் சக்தியைத் தருவது டீசல். டர்போவில் இரண்டு வீல்கள் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கும்: வெளியேறும் புகை டர்பைன் வீலைச் சுழற்ற, அதோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரசர் வீல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். டீசல் முழுமையாக எரிவதற்குத் தேவையான காற்றைத் தருவதோடு டர்போவின் வேலை முடிந்துவிடுகிறது. ஏற்கனவே போதுமான காற்று போய்க்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு இன்னும் பெரிய டர்போவை மாட்டி, பம்பைத் தொடாமல் விட்டால் வண்டி ஒரு குதிரைத்திறன்கூடக் கூடுதலாக இழுக்காது. பம்பில் டீசலைக் கூட்டிவிட்டுக் காற்றைக் கூட்டாமல் விட்டால் கருப்புப் புகையும், வெளியேறும் புகையின் வெப்பமும் ஏறும். டர்பைனுக்கு முன்னால் அந்த வெப்பம் 700 டிகிரி செல்சியசைத் தாண்டி நெடுநேரம் நின்றால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் ஆபத்து. ஆகவே டீசலும் காற்றும் சேர்ந்து போக வேண்டியவை. ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. இது பம்ப் வேலை செய்யும் அனைவருக்கும் தெரிந்ததுதான், ஆனால் விற்கும் நேரத்தில் யாரும் சொல்வதில்லை.

காற்று போதவில்லையா என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம், அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இப்பகுதியில் மிகுதியாக ஓடும் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடும்போது 1,250 முறை 5.9 லிட்டர், அதாவது 7,375 லிட்டர். சிலிண்டர் காற்றால் நிரம்பும் திறனை 90 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 6,640 லிட்டர். கிருஷ்ணகிரி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடக் குறைவாக, 0.95 பார் அளவில் இருக்கிறது. டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தமான பூஸ்ட்டைக் காட்டும் கேஜில் 1.2 பார் காட்டி, அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கடந்த காற்று 60 டிகிரியில் எஞ்சினுக்குள் போகிறது என்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று உள்ளே போகிறது என்று பொருள். இந்த வண்டி 180 குதிரைத்திறன் எடுப்பதற்கு மணிக்குச் சுமார் 29 கிலோ டீசல் வேண்டும். ஒரு கிலோ டீசலுக்கு 31 கிலோ காற்று கிடைக்கிறது. காற்று 20 கிலோவை ஒட்டிக் குறையும்போதுதான் புகை கண்ணில் படத் தொடங்கும். பம்பைக் கூட்டி 220 குதிரைத்திறனுக்குக் கொண்டுபோனாலும் ஒரு கிலோ டீசலுக்கு 25 கிலோ காற்று இருக்கும். அப்படியிருக்க, 180 குதிரைத்திறன் வண்டி பம்பில் எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே கருப்பாகப் புகைக்கிறது என்றால், குறை டர்போவின் அளவில் இருப்பதற்கு வாய்ப்பு குறைவு. அந்த 15 கிலோ காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது டீசல் சரியாகத் தெளிக்கப்படவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பெரிய டர்போ கேட்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது புதிய டர்போ அல்ல என்பது என் துணிபு. இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் வெடித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குவாரி மண்ணில் ஓடிய வண்டியின் ஏர் ஃபில்டர் செங்கல்லாக இறுகிப் போயிருக்கும். பூஸ்ட் மிஞ்சும்போது புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டின் டயாஃப்ரம் கிழிந்தோ, அதன் கதவு மூடாமல் நின்றோ இருக்கலாம். மைக்கோ தயாரிப்பான இன்லைன் வகை டீசல் பம்ப் உள்ள வண்டிகளில், பூஸ்ட் வந்த பிறகே டீசலைக் கூட்டித் தரும் எல்.டி.ஏ.வுக்குப் போகும் சிறு குழாய் உடைந்து, பம்ப் முழு டீசலையும் தராமல் இருக்கும். இவற்றைச் சோதிக்க டர்போவின் காற்று வாயை அடைத்து, 1 பார் அளவுக்குக் காற்றைக் கொடுத்து, ஹோஸ், இன்டர்கூலர், மேனிஃபோல்டு இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினாலே போதும். நுரை எழும் இடத்தில் காற்று கசிகிறது. சில நூறு ரூபாய் ஹோஸில் தீரும் வேலைக்குப் பல்லாயிரம் ரூபாய் டர்போ விற்கப்படுகிறது என்பதே என் வருத்தம்.

அண்மையில் எங்கள் பட்டறைக்கு வந்த டிப்பர் ஒன்றை இங்கே சொல்வது பொருத்தம். வேறொரு ஊரில் வாங்கிய "அடுத்த சைஸ்" டர்போ அதில் மாட்டப்பட்டிருந்தது. சமவெளியில் குறை தெரியவில்லை. பாரத்துடன் மேலுமலை ஏற்றத்தில் கியர் மாற்றும்போதெல்லாம் டர்போவிலிருந்து குரைப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. 1,500 சுற்றுக்குக் கீழே வண்டி நகர மறுத்து, பின்னால் வருபவருக்குச் சாலையே தெரியாத அளவு புகைத்தது. பழைய டர்போவை உரிமையாளர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அதைச் சோதித்ததில் ஷாஃப்ட்டிலும் குறையில்லை, வீலிலும் குறையில்லை. இன்டர்கூலரின் ஒரு பக்கத் தொட்டியில் விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்து பழைய டர்போவையே மாட்டி அனுப்பினோம்.

இந்தக் குரைப்புச் சத்தத்துக்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் டர்போவைத் தேர்ந்தெடுப்பதில் முழு விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் அதன் தயாரிப்பாளர் ஒரு வரைபடம் வரைந்திருப்பார். தொழிலில் இதை மேப் என்கிறோம். கீழ்க்கோட்டில் காற்றின் ஓட்டம், பக்கக்கோட்டில் உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். நடுவே மலை வரைபடத்தின் உயரக் கோடுகளைப்போல் திறன் வளையங்கள் இருக்கும். இடப்பக்க எல்லைக்கு சர்ஜ் கோடு என்று பெயர்: அதற்கு இடப்புறம் போனால் காற்று கம்ப்ரசரை விட்டு முன்னே போக முடியாமல் பின்னால் திரும்பி அடிக்கும். அந்த அடியே குரைப்பாகக் கேட்கிறது, ஷாஃப்ட் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்கை உடைப்பதும் அதுவே. வலப்பக்க எல்லையைத் தாண்டினால் கம்ப்ரசர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதற்கு மேல் காற்று தராது. வெப்பம் மட்டும் ஏறும்.

மேற்சொன்ன அதே எஞ்சின் 2,500 சுற்றில் நிமிடத்துக்கு 15 கிலோ காற்று கேட்கிறது. ஏற்றத்தில் பாரத்தோடு 1,400 சுற்றில் முக்கும்போது, அதே 1.2 பார் பூஸ்ட் வேண்டுமானால் ஓட்டம் நிமிடத்துக்கு 8.4 கிலோதான். ஃபில்டரிலும் இன்டர்கூலரிலும் இழக்கும் அழுத்தத்தையும் சேர்த்தால் அழுத்த விகிதம் ஏறத்தாழ 2.4 வருகிறது. ஆக, நாம் வாங்கும் டர்போவின் மேப்பில் 2.4 என்ற உயரத்தில் 8.4 கிலோ, 15 கிலோ ஆகிய இரண்டு புள்ளிகளும் எல்லைக்குள் விழ வேண்டும். பெரிய கம்ப்ரசரில் இரண்டாவது புள்ளி அழகாக நடுவில் விழும். முதல் புள்ளி சர்ஜ் கோட்டுக்கு வெளியே போய்விடும். அந்த டிப்பருக்கு நேர்ந்தது இதுவே. பெங்களூரு போகும் வண்டிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் 0.91 பார் அளவுக்கு இறங்குகிறது. கேஜில் அதே 1.2 பார் காட்டுவதற்கு அழுத்த விகிதம் 2.5-ஐ ஒட்டிப் போகிறது. அதாவது கிருஷ்ணகிரியில் எல்லைக்குச் சற்று உள்ளே இருந்த புள்ளி, மேலுமலையைக் கடந்து சூளகிரி, ஓசூர் என்று ஏற ஏற எல்லையை நெருங்கும். சேலத்தில் சோதித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று கொடுத்த டர்போ இங்கே சத்தம் போடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

லாரியின் வேலை பெரும்பாலும் 1,200 சுற்றுக்கும் 2,000 சுற்றுக்கும் இடையில் நடக்கிறது. உச்சச் சுற்றுக்கு ஏற்ற டர்போ, பந்தயத்துக்கு ஓடும் வாகனத்துக்கு வேண்டுமானால் பயன்படும். கல் வண்டிக்குக் கீழ்ச் சுற்றில் வரும் பூஸ்ட்தான் சோறு போடுகிறது.

இனி, கையில் இருக்கும் டர்போ எது என்று அறிவது எப்படி என்பதற்கு வருகிறேன். கம்ப்ரசர் வீலை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கின் மேல் அலுமினியத் தகடு ஒன்று ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் மாடல் பெயர், பாகத்தின் எண், வரிசை எண் ஆகியவை தெரியும். சிலவற்றில் எஞ்சின் தயாரிப்பாளரின் எண்ணும் இருக்கும். டர்போ தயாரிப்பாளர்களில் ஹோல்செட் வகையில் எச்.எக்ஸ்.35, எச்.எக்ஸ்.40 என்று வரும் எண் சட்டகத்தின் அளவைச் சொல்கிறது; கடைசியில் டபிள்யூ இருந்தால் வேஸ்ட்கேட் உள்ளது. கே.கே.கே. வகையில் பாகத்தின் எண் 5327 என்று தொடங்கினால் அது கே27 குடும்பம், 5316 என்று தொடங்கினால் கே16. கேரட் வகையில் ஆறு இலக்க எண்ணும், ஒரு சிறு கோடும், அதற்குப் பின் வேறொரு எண்ணும் இருக்கும். கோட்டுக்குப் பின்னால் உள்ளதையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும், ஏனெனில் உள்ளே இருக்கும் மாறுதல் அந்த எண்ணில்தான் தெரியும்.

குடும்பப் பெயர் தெரிந்ததும் அளவு தெரிந்துவிட்டதாக நினைப்பதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். ஒரே எச்.எக்ஸ்.35 பெயரில் வேறு வேறு கம்ப்ரசர் வீல்களும் வேறு வேறு டர்பைன் ஹவுசிங்குகளும் வருகின்றன. தகடு இல்லாத டர்போவும் ஏராளம். ரிவெட் ஓட்டைகள் மட்டும் இருக்கும், அல்லது அந்த ஓட்டைகளில் புத்தம் புதிய தகடு பளபளக்கும். சுற்றிலும் கரியும் எண்ணெயும் படிந்த ஹவுசிங்கில் தகடு மட்டும் கண்ணாடிபோல் இருந்தால் அதை நம்பி விலை பேசக்கூடாது. தகட்டைவிட, விட்டத்தை அளக்கும் வெர்னியர் கருவி நம்பகமானது.

காற்று உள்ளே நுழையும் பக்கத்தில், கம்ப்ரசர் வீலின் இதழ்கள் தொடங்கும் இடத்தின் விட்டத்தை இன்டியூசர் என்கிறோம்; ஹவுசிங்கைக் கழற்றினால் வீலின் அடியில் தெரியும் பெரிய விட்டம் எக்ஸ்டியூசர். டர்பைன் பக்கத்தில் இது தலைகீழ்: புகை பெரிய விட்டத்தில் நுழைந்து சிறிய விட்டத்தில் வெளியேறுகிறது. ஏழு முழு இதழ்கள் கொண்ட வீலில் ஒரு நுனிக்கு நேர் எதிரே இன்னொரு நுனி இருக்காது, எனவே நுனிக்கு நுனி வெர்னியர் வைத்தால் அளவு குறைத்துக் காட்டும். ஹவுசிங்கின் உட்துளையை அளந்து இடைவெளியைக் கழிப்பதே சரி. இன்னொரு இடறலும் உண்டு. சில ஹவுசிங்குகளின் வாய்க்குள் ஒரு வளையமும், அதைச் சுற்றி ஒரு பள்ளமும் இருக்கும். சர்ஜ் வராமல் இருக்கும் எல்லையை விரிப்பதற்காக அந்தப் பள்ளத்தை வைத்திருக்கிறார்கள். பலர் வெளி வாயை அளந்து அதுவே வீல் என்று நினைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் ஹோஸ் மாட்டும் கழுத்தைப் பார்த்து "நாலு இஞ்ச் டர்போ" என்று விலை சொல்கிறார்கள். ஹோஸ் கழுத்துக்கும் வீலின் அளவுக்கும் எந்தச் சம்பந்தமும் கட்டாயமில்லை.

இன்டியூசர் 54 மி.மீ., எக்ஸ்டியூசர் 78 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், முதலாவதை இரண்டாவதால் வகுத்து, வர்க்கமாக்கி, நூறால் பெருக்க 48 வருகிறது. இதற்கு டிரிம் என்று பெயர். இரண்டு டர்போக்களை ஒப்பிடும்போது எக்ஸ்டியூசர் ஒன்றாக இருந்து டிரிம் கூடினால் காற்றின் ஓட்டம் கூடும். இங்கே கண்ணை நம்பக்கூடாது என்பதற்கு ஒரு கணக்கு: 54 மி.மீ. இன்டியூசரையும் 58 மி.மீ. இன்டியூசரையும் மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்துவிட்டால் எது பெரியது என்று சொல்லத் தயங்குவோம். அந்த 4 மி.மீ. வேறுபாட்டில் வாயின் பரப்பு 15 விழுக்காடு கூடிவிடுகிறது. மாறாக, வெளியே பார்க்கப் பூதாகரமாக இருக்கும் டர்போவுக்குள் உங்கள் பழைய வீலைவிடச் சிறிய வீல் இருக்கவும்கூடும். சட்டகம் பெரியது என்பதால் வீல் பெரியது என்று ஆகாது.

டர்பைன் ஹவுசிங்கின் அளவைப் பெரும்பாலும் வார்ப்பிலேயே காணலாம். கேரட் வகையில் 0.63, 0.82 என்பதுபோல், புகைப்பாதையின் பரப்புக்கும் ஆரத்துக்கும் உள்ள ஏ/ஆர் விகிதமாகவும், ஹோல்செட் வகையில் 12, 14, 16 என்று சதுர சென்டிமீட்டரில் பரப்பாகவும் இருக்கும். துருவைச் சுரண்டினால் புகை நுழையும் வாய்க்கு அருகில் எண் புலப்படும். எண் சிறிதானால் டர்போ விரைவில் சுற்றெடுக்கும், உச்சத்தில் மூச்சுத் திணறும். பெரிதானால் மேலே தாராளம், கீழே மந்தம். 12-ஐக் கழற்றி 16 போடுவது புகை நுழையும் பரப்பை மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதாகும். கம்ப்ரசரைத் தொடாமல் இந்த ஹவுசிங்கை மட்டும் மாற்றியே பல வண்டிகளின் போக்கைத் திருத்திவிடலாம் என்பது இப்பகுதியில் அதிகம் பேசப்படாத விஷயம். வாய் ஒன்றா, நடுச்சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வாயா என்பதையும் பார்க்க வேண்டும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1, 2, 3 சிலிண்டர்களின் புகை ஒரு வாயிலும் 4, 5, 6 சிலிண்டர்களின் புகை மற்றதிலும் வந்து அடிக்கும்படி மேனிஃபோல்டு அமைந்திருந்தால், ஒற்றை வாய் ஹவுசிங்கை அதில் மாட்டுவது கீழ்ச் சுற்றுப் பூஸ்ட்டைக் கைவிடுவதற்குச் சமம்.

செகண்ட் ஹேண்ட் டர்போ வாங்குகிறவர்கள் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து "ஆட்டம் இருக்கிறது" என்று ஒதுக்குவதையும் காண்கிறேன். எண்ணெயில் மிதக்கும் புஷ் வகை பேரிங்கில் மேல்கீழ் ஆட்டம் ஓரளவு இயல்பானது. வீல் ஹவுசிங்கில் உரசக்கூடாது, அவ்வளவுதான். முன்பின் ஆட்டம்தான் கையில் படவே கூடாது. வீலின் நுனிகளைத் தூசி தின்றிருக்கிறதா, நட்டின் ஓரத்திலும் வீலின் பின்புறத்திலும் பேலன்ஸ் செய்யச் சீவிய தடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 78 மி.மீ. வீல் நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறை சுற்றும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒலியின் வேகத்தைவிட அதிகம். ஷாஃப்ட்டும் வீல்களும் பேரிங்கும் சேர்ந்த நடுப்பகுதியான கார்ட்ரிட்ஜைப் பேலன்ஸ் செய்யாமல் மாற்றித் தரும் "ரீகண்டிஷன்" டர்போ எத்தனை நாள் தாங்கும் என்பதை உரிமையாளர்களே எண்ணிப் பார்க்கட்டும். டர்போ ஆயில் அடிக்கிறது என்று வரும் புகார்களிலும் பலவற்றுக்குக் காரணம், எண்ணெய் இறங்கும் குழாய் சாய்ந்தோ நசுங்கியோ இருப்பதுதான். அக்குழாய் செங்குத்துக்கு அருகில், 35 டிகிரிக்கு மேல் சாயாமல் இறங்க வேண்டும். பெரிய டர்போவை இடமில்லாத இடத்தில் திருகி மாட்டும்போது இந்தச் சாய்வுதான் முதலில் கெடும்.

பெரிய டர்போவே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே எஞ்சினைத் தயாரிப்பாளரே வெவ்வேறு திறன்களில் விற்றிருப்பார். அதிகத் திறன் உள்ள வகைக்கு எந்த டர்போ, எந்த பம்ப் அமைப்பு, டீசலைத் தெளிக்கும் எந்த நாசில், எந்த பிஸ்டன் என்று அவரே தீர்மானித்து ஓட்டிப் பார்த்திருப்பார். போர்வெல் கம்ப்ரசர், ஜெனரேட்டர், கிரஷர் போன்றவற்றில் உள்ள எஞ்சின்களுக்குத் திறனைக் கூட்ட வேண்டி வந்தால், அந்தத் தொகுதியை முழுமையாக எடுத்து மாட்டுவது நல்லது. டர்போவை மட்டும் ஓரிடத்திலும் நாசிலை வேறிடத்திலும் வாங்கிச் சேர்ப்பது வேலைக்காகாது. மாட்டிய பிறகு பூஸ்ட் கேஜும், டர்பைனுக்கு முன்னால் புகையின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டரும் இல்லாமல் பாரத்தில் ஓட்டக்கூடாது.

சாலையில் ஓடும் பதிவு பெற்ற லாரிக்குச் சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்குத்தான்.  2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் டர்போ, புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர்., புகைச் சுத்திகரிப்பு எல்லாம் ஒரே கணினியின் கணக்கில் ஓடுகின்றன. அவற்றில் டர்போவை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதே வீண்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சற்று விலகிய பேச்சாகத் தோன்றினாலும். இழுவை கூடிய வண்டியில் பாரமும் கூடத்தான் செய்யும்; அது மனித இயல்பு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது அந்தப் பாரத்தை நிறுத்த வேண்டியது பிரேக், டர்போ அல்ல. ஏற்றத்துக்காகச் செலவழிக்கும் உரிமையாளர்கள் இறக்கத்துக்கு எதுவும் செலவழிப்பதில்லை என்பதை ஒவ்வொரு விபத்துச் செய்தியின்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

என் கோரிக்கை சிறியது. டர்போ விற்பவர்கள், புதியதோ ரீகண்டிஷனோ, ரசீதில் "டர்போ ஒன்று" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, பாகத்தின் முழு எண், கம்ப்ரசர் வீலின் இரண்டு விட்டங்கள், டர்பைன் ஹவுசிங்கின் எண், கார்ட்ரிட்ஜ் மாற்றப்பட்டதா, பேலன்ஸ் செய்யப்பட்டதா என்பனவற்றை எழுதித் தர வேண்டும். பத்து நிமிட வேலை இது. பின்னால் தகராறு வந்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆவணமும் இதுவே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் லாரி உரிமையாளர் சங்கங்கள் இப்படி எழுதித் தரும் கடைகளில் மட்டுமே வாங்குவது என்று உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்கு, கழற்றிய பழைய டர்போ ஒன்றைக் கொடுத்து அதன் வீலை அளந்து டிரிம் கணக்கிடும் பயிற்சியையும் சேர்க்கலாம். பட்டறைகளில் கிடக்கும் பழைய டர்போக்களை இதற்குத் தர எங்களைப் போன்றவர்கள் தயாராகவே இருக்கிறோம்.

உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எக்ஸ்சேஞ்சில் கழிக்கும் தொகைக்காகப் பழைய டர்போவை அன்றைக்கே கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதன் தகட்டையும் ஹவுசிங் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, புதியது பாரத்துடன் ஓசூர் வரை ஒருமுறை போய்த் திரும்பிய பிறகே கொடுங்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.